மறுநாளுக்கான இடம்

அண்ணனின் காலருகே நழுவிய போர்வையை இழுத்துச் சரிசெய்தபோதுதான், மகள் மறுபடியும் தம்ளர் நிறையத் தண்ணீர் பிடிப்பதை அவள் கவனித்தாள். குடித்த கையோடு இன்னொரு தம்ளர். பிறகு கழிப்பறைப் பக்கம் ஓட்டம்.

அந்த வீட்டில் தாகம் சாதாரண விஷயமில்லை. நான்காம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, அவள் குடிக்கும் தண்ணீரை வீடே ஓரக்கண்ணால் பார்த்து வந்தது. இன்று எல்லார் கண்ணும் கூடத்தில் கிடத்தியிருந்தவர்மேல் இருந்தது.

வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த கணவனிடம் போய், காலையில் ஊசி போட்டாயிற்றா என்று கேட்டாள்.

"நீ போட்டிருப்பேன்னு நெனச்சேன்," என்றான்.

அவளோ நினைக்கவே இல்லை. தினமும் கடையைத் திறக்குமுன் அண்ணன் "வாலு, வா" என்று பிள்ளையைக் கூப்பிடுவார், ஊசி போடுவார், அப்புறம்தான் தெருப்பக்க அறையில் தையல் மெஷினில் உட்காருவார். பொழுது விடிகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்துவிடும். இன்று பொழுது விடிந்தது, அண்ணன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். போதாததற்கு, பிள்ளை வாடிப்போயிருக்கிறதே என்று பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டை முழுசாகக் கொடுத்திருந்தாள்.

மகளை உள்ளறைக்குக் கூட்டிப்போய், விரல் நுனியில் குத்தி, சின்ன மெஷினில் பார்த்தாள். அதுவரைக்கும் அவளால் முடியும். எண் ஏகத்துக்கு ஏறியிருந்தது. மருத்துவமனை நர்ஸுக்குப் போன் போட்டாள். நர்ஸ் பதறாமல் அளவு சொன்னார். தண்ணீர் குடிக்கட்டும், வாந்தி எடுத்தால் மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள், இப்போது உடனே ஊசியைப் போடுங்கள் என்றார்.

சொல்வது சுலபம். முதன்முதலில் அதே நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது அவள் கை வெடவெடவென்று நடுங்கி ஊசி கீழே விழுந்தது. பிள்ளை வீறிட்டது. கணவனோ ரத்தத்தைப் பார்த்தாலே சுவரைத் தேடுகிற ஆள். அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலேயே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அண்ணன், "ஊசி என் தொழில். கொண்டா இங்க," என்று வாங்கிக்கொண்டார். அன்றோடு அவள் நிம்மதியாகக் கை கழுவிவிட்டாள். பள்ளியில் விளையாட்டு வகுப்பில் பிள்ளையை மரத்தடியில் உட்கார வைத்தபோதும் அவர்தான் போனார். திரும்பி வந்து, ஓடுறதும் அவளுக்கு மருந்துதான் என்றார். மறு வாரமே வாலு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள்.

"மாமாதான் போடணும்," என்றாள் மகள், கட்டிலில் உட்கார்ந்தபடி. அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

கணவன் கதவருகே வந்து நின்று, கம்பவுண்டரைக் கூட்டிவரட்டுமா என்றான். அவர் வந்து சேர மதியமாகிவிடும். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அண்ணனுக்காகக்கூட அப்படி அழுகை வரவில்லை. பேனா மாதிரியான அந்த ஊசியைக் கையில் எடுத்து, அளவைத் திருகி வைத்தாள்.

"எங்கடி போடணும்? கையிலயா, வயித்துலயா?"

மகள் பாவாடையைத் தொடைவரைக்கும் இழுத்துவிட்டாள். இடது தொடையில், நீலத் தையல் சாக்பீஸால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

"ஒரே எடத்துல போட்டா தடிச்சுப்போகும்ல? அதான் மாமா ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போட்டதும் அடுத்ததுக்கு எடம் பாத்து வச்சிருவாரு. வெட்டுறதுக்கு முன்னாடி கோடு போட்டுக்கணுமாம்."

காலையிலிருந்து பிள்ளையை யாரும் குளிக்க வைக்கவில்லை. அதனால்தான் குறி அழியாமல் இருந்தது. அவள் பஞ்சை நனைத்தாள்; தொடைக்கு அருகில் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணனுடைய கை கடைசியாகப் போட்ட கோடு இது. இதையும் துடைத்துவிட்டால் அப்புறம் ஒன்றுமில்லை.

"தொடைம்மா. மாமாவும் தொடைச்சிட்டுதான் போடுவாரு."

துடைத்தாள். நீலம் பஞ்சுக்கு வந்துவிட்டது.

"கையை என் கால் மேல ஊனிக்கோ. அப்ப ஆடாது."

ஊன்றினாள். கொஞ்சம் ஆடத்தான் செய்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூடவில்லை. குத்தி, அழுத்தி, "பொறு, எடுத்துராத" என்று பிள்ளை சொன்னதற்குக் கட்டுப்பட்டுப் பொறுத்து, எடுத்தாள். கதவருகே நின்ற கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது," என்றாள் மகள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமாவும் மொதல்ல வலிக்கத்தான் போட்டாரு," என்றாள்.

மதியத்துக்குள் எண் இறங்கத் தொடங்கியது. தாகம் அடங்கி, பிள்ளை பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து மாமாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அண்ணனை எடுத்துக்கொண்டு போனபோது அவள் மனம்விட்டு அழுதாள். காலையில் வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. மகளும் அழுதாள். அழுது முடித்து, அம்மாவின் புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்தாள்.

சாயங்காலம் வந்தவர்கள் கலைந்தார்கள். கூடத்தைக் கழுவித் தள்ளிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ஈரத் தரையில் துடைப்பத்தோடு நின்றாள். பக்கத்து வீட்டு அம்மாள் கொண்டுவந்து வைத்த சாப்பாடு அடுப்பங்கரையில் மணத்துக்கொண்டிருந்தது.

உள்ளறைக் கட்டிலில் மகள் சட்டையை வயிற்றுக்கு மேல் சுருட்டிவிட்டு மல்லாந்து கிடந்தாள்.

"சீக்கிரம் கையைக் கழுவிட்டு வாம்மா," என்று கூப்பிட்டாள். "பசிக்குது."