எட்டு மணிக்கு வந்துடும்

தீவானியா நகரில் பரீட்சைக் காலம் வந்தால் ஹாதிமுக்குக் கொண்டாட்டம். வினாத்தாள் வெளியே போய்விடக் கூடாதென்று, பரீட்சை நாளில் காலை ஆறிலிருந்து எட்டு வரை அரசாங்கமே இணையத்தை நிறுத்திவிடும். மொட்டைமாடிக் கோபுரத்திலிருந்து தெருவின் அறுபது வீடுகளுக்கும் இணைப்புக் கொடுப்பவன் அவன்தான். அந்த இரண்டு மணி நேரம் யார் கூப்பிட்டாலும் ஒரே பதில், பிறகு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூக்கம்.

அன்று ஏழு பத்துக்கு எதிர்வீட்டு ஷதா ஜன்னலைத் தட்டினாள். நர்ஸ் படிப்பு முடித்தவள். வெளிநாட்டில், அம்மான் நகரில் ஒரு மருத்துவமனை ஏழரைக்கு அவளைக் கணினியில் நேர்காணல் செய்வதாக இருந்தது. ஏழு மாதம் காத்துக் கிடைத்த அழைப்பு. கைப்பேசி சிக்னலோ அந்தத் தெருவில் பேருக்குத்தான்.

"மாமா, நெட் வரல."

"பரீட்சைம்மா. எட்டு மணிக்கு வந்துடும்."

"இல்ல மாமா, வேற என்னமோ போட்டிருக்கு. என் நெட் முகவரிய இன்னொரு மெஷின் வச்சிருக்காம். கட் பண்ணா இப்படியா வரும்?"

"அது ஆயிரம் உளறும். அதையெல்லாம் படிச்சா பைத்தியம்தான் பிடிக்கும். போய் டீ குடி."

தெருவில் இந்த விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். அவள் திரும்பிப் போனாள்.

எட்டடித்தும் அவளுக்கு வரவில்லை. ஹாதிம் கொட்டாவி விட்டபடி தன் பட்டியலைப் பிரித்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் முகவரி எண்ணைக் கையால் கொடுப்பவன் அவன். போன வாரம் தெருக்கோடி வீட்டு அபூ சஜ்ஜாதின் புது டிவிக்குக் கொடுத்த நாற்பத்தேழு, ஷதாவுடையது. ஓடிப்போய்ப் பார்த்தான்.

"டிவிய இன்னிக்குத்தான் மாட்டினோம், ஆறு மணியிலேர்ந்து கார்ட்டூன் ஓடுதுப்பா," என்றார் அபூ சஜ்ஜாத். "வெயில் அம்பதத் தாண்டும்னு பரீட்சைய நாளைக்குத் தள்ளிட்டாங்களே, ராத்திரி நியூஸ் பாக்கலியா?"

டிவிக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிட்டு ஷதா வீட்டுக்கு வந்தான். அவள் கண் சிவந்திருந்தது.

"அரசாங்கம் நிறுத்திடுச்சுன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போடும்மா. நம்ம ஊர் லட்சணம் அவங்களுக்குத் தெரியாதா?"

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? நீங்க எழுதுங்க, உங்க தப்புன்னு."

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் எழுதினான்: இன்று நாட்டில் இணையம் நிற்கவில்லை, பிழை என்னுடையது. கீழே தன் பெயரையும் போட்டான்.

அரைமணியில் பதில் வந்தது. இன்னொரு வாய்ப்பு தருகிறோம், நாளை காலை ஏழரை, வேறு நேரம் கிடையாது.

"நாளைக்குத்தான் மாமா பரீட்சை," என்றாள் ஷதா. "இனி நெசத்தச் சொன்னா யாரு நம்புவா?"