பல் டாக்டர் வாசலில் ஒரு தோரணம்

எங்கள் வீட்டில் ஆரஞ்சை உரித்துத் தின்றால் குற்றம். வட்ட வட்டமாக நறுக்கி, ஓவனில் இளஞ்சூட்டில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு, நாள் முழுக்கப் புரட்டிப் புரட்டிக் காயவிட வேண்டும். அப்புறம் பட்டை, அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை, காய்ந்த புதினாக் கொத்து எல்லாம் சேர்த்துச் சணல் கயிற்றில் கட்டினால் தோரணம். சுவரில் மாட்டினால் வீடே மணக்கும். என் வீட்டுக்காரர் கருத்து வேறு.

"இந்த ஓவன்ல ஒரு கேக் வெச்சு எத்தனை மாசமாச்சு? எப்பத் திறந்தாலும் ஆரஞ்சு படுத்திருக்கு!"

நான் ஆசையாகக் கொடுத்த தோரணங்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. பக்கத்து வீட்டில் எறும்பு வந்ததாம். நாத்தனாருக்குத் தும்மல் நிற்கவில்லையாம். கடைசியில் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"இன்னொண்ணு திரும்பி வந்துச்சுன்னா கயிறு, கம்பி எல்லாத்தையும் மூட்டை கட்டிடணும். ஓவன் எனக்கு."

ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இதை விட்டால் எனக்குச் சந்தோஷம் தருகிற வேலை வேறு எதுவும் கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்தான். பல் டாக்டர்.

"அண்ணி, கதவைத் திறந்ததுமே ஆளுங்க பயந்து ஓடிடறாங்க. கிளினிக் வாசனைதான் காரணம். நல்லா மணக்கற மாதிரி ஒண்ணு கட்டிக் குடுங்க."

விடுவேனா? முழு ஆரஞ்சுகளை எடுத்துத் தோலில் இடமே விடாமல் கிராம்பு குத்திக் காயவைத்தேன். விரல் நுனியெல்லாம் புண். நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே கொண்டுபோய் மாட்டினேன்.

கொழுந்தன் மூக்கை உறிஞ்சினான். முகம் தொங்கிப் போயிற்று.

"அண்ணி, பல் டாக்டர்கிட்ட என்ன வாசனை வரும்?"

"கிராம்புத் தைல..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். எந்த வாசனைக்குப் பயந்து ஓடுகிறார்களோ, அதையே கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறேன்!

ஒரு வாரம் இருக்கட்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி, காவலுக்கு நானே அங்கே போய் உட்கார்ந்தேன். அதிசயம், யாரும் ஓடவில்லை. கன்னம் வீங்கிய ஒருவர் அண்ணாந்து பார்த்தார். கை நீட்டி ஒரு கிராம்பைப் பிடுங்கிக் கடைவாயில் அடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது.

"இப்பப் பரவால்லம்மா," என்று கிளம்பிவிட்டார்.

அவரைப் பார்த்து அடுத்தவர். அவரைப் பார்த்து ஒரு குடும்பமே. கொழுந்தன் உள்ளேயிருந்து "அடுத்தவங்க வாங்க" என்று கத்தும்போதெல்லாம் பெஞ்சு காலியாக இருந்தது. வாரம் முடிவதற்குள் ஆரஞ்சுகளுக்கு வழுக்கை விழுந்துவிட்டது.

"கழட்டுங்க அண்ணி! உங்க ஆரஞ்சு என் பொழப்புல மண்ணள்ளிப் போடுது!"

செய்தி கேட்டதும் வீட்டுக்காரர் பெரிய பையோடு ஆஜர். வாய் நிறையச் சிரிப்பு. ஸ்டூலில் ஏறித் தோரணத்தைக் கழற்றி இறக்கினேன். ஒரே ஒரு கிராம்புதான் மிச்சம். பைக்குள் போடப் போகையில் கொழுந்தன் குறுக்கே கையை விட்டான். கிராம்பு அவன் வாய்க்குள் போய்விட்டது.

நாங்கள் இருவரும் அவனையே பார்த்தோம்.

"கடைவாய்ப் பல்லு," என்றான். "ஒரு மாசமா உயிர் போகுது."

"ஏன்டா, உனக்குத் தெரியாத டாக்டரா? யார்கிட்டயாவது போய்க் காட்டறதுக்கென்ன?" என்றார் வீட்டுக்காரர்.

கொழுந்தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"பயமா இருக்குண்ணா."

பிறகு தோரணத்தை என் கையிலிருந்து வாங்கித் தன் அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டான். "அண்ணி, நாளைக்கே புதுசா ஒண்ணு வேணும். கிராம்பு தூக்கலா."

திரும்பும் வழியில் பழக்கடையில் நின்றோம். பை நிறைய ஆரஞ்சு. அவர்தான் தூக்கி வந்தார்.