ஒரு மணி நேரச் சுருட்டு

சுருட்டைப் பற்றி என்னிடம் வாயைக் கொடுத்தால் லேசில் தப்ப முடியாது. உறையூர்ச் சுருட்டு காட்டமானது, வெயிலில் பாடுபட்டு வந்தவனுக்கு அதுதான் சரி. திண்டுக்கல் சுருட்டைச் சோறு உண்டபின் பற்ற வைக்க வேண்டும், வெறும் வயிற்றில் குடித்தால் தலை சுற்றும். யாழ்ப்பாணத்துச் சுருட்டு யாராவது கொடுத்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். சிகரெட் என்பது காகிதத்தைக் கொளுத்துகிற வேலை, அதைப் பற்றி நான் பேசுவதாக இல்லை. ஆனால் சுருட்டுக் குடிக்கிறவன் எவனும் சாவதற்குள் ஒரு தடவை குடித்துப் பார்க்க வேண்டியது கியூபா தேசத்துச் சுருட்டு. எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் கோவில்பட்டியில் அதை ஒரு பெட்டி வாங்கினேன். எனக்காக வாங்கவில்லை.

என் பெயர் சங்கரபாண்டி. பசுவந்தனைக்கு மேற்கே இரண்டு மைலில் வீடு, வீட்டைச் சுற்றிப் பதினான்கு ஏக்கர் கரிசல். பெண்சாதி ஆவுடைத்தாய் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகன் சோலைராஜ் பம்பாயில் ஒரு மில் ஆபீசில் இருக்கிறான். எனக்குத் தங்கை முறை ஆகிற முப்பிடாதி பக்கத்து வீட்டிலிருந்து வந்து சோறு பொங்கி வைத்துவிட்டுப் போவாள். மற்றபடி அந்த வீட்டில் நான்தான், என் இருமல்தான்.

மகன் வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரையில் கோயில் கொடைக்கு வருவான். பத்து நாள் இருப்பான். பகலெல்லாம் சிநேகிதன் வீடு, கோயில் வேலை என்று ஓடிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் நான் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். அந்த நேரம் பார்த்து அவன் எழுந்து, "இப்ப வாரேன்யா" என்று ஓடைக்கரைக்குப் போய்விடுவான். திரும்பி வர ஏழேகால் ஆகும். வந்ததும் சாப்பாடு, படுக்கை. எதற்குப் போகிறான் என்று எனக்குத் தெரியாதா? அப்பன் முன்னால் சிகரெட் குடிக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் எந்த மகனும் குடிக்க மாட்டான்.

குற்றம் என் பேரிலும் உண்டு. பதினாறு வயதில் அவன் பருத்திக் காட்டில் பீடி குடித்ததைக் கையும் களவுமாகப் பிடித்தேன். காய்ந்த பருத்திமார்க் குச்சியை ஒடித்து விளாசிவிட்டேன். அப்போது என் வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. அதை எடுக்காமலேயே அடித்தேன். ஆவுடைத்தாய் குறுக்கே விழுந்து தடுத்தாள். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பத்து நாளில் பத்துச் சாயங்காலம். அதில் ஒன்றே ஒன்றை அவன் என்னோடு உட்கார்ந்து கழித்தால் போதும் என்று இருந்தது எனக்கு. பேச வேண்டும் என்றுகூட இல்லை. அதனால்தான் அந்த வருஷம் அவன் வந்த மூன்றாம் நாள் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனேன். கடைத்தெருவில் பெருமாள்சாமி கடையில்தான் எனக்கு எப்போதும் சுருட்டு.

"அண்ணாச்சி, சிகரெட் குடிக்குத இளவட்டம் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கொடுக்குத மாதிரி நல்ல சுருட்டா வேணும். தொண்டையில கமறப்படாது."

"ஆருக்கு அண்ணாச்சி?"

"விருந்தாளிக்கு."

பொய் இல்லை. பத்து நாள் வந்து போகிறவன் விருந்தாளிதானே.

பெருமாள்சாமி உள்ளே போய் ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். "தூத்துக்குடிக் கப்பல்ல வந்த சரக்கு. கியூபா. மோந்து பாருங்க. இத சிகரெட்டு மாதிரி உள்ள இழுக்கப்படாது. வாயிலயே வச்சு ருசி பாத்து விடணும். அவசரப்பட்டா சூடேறிக் கசந்துபோவும். ஒண்ணக் குடிச்சு முடிக்க ஒரு மணி நேரம் ஆவும்."

ஒரு மணி நேரம் என்றதும் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. விலை கேட்காமல் வாங்கினேன்.

சாயங்காலம் முற்றத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பெட்டியைத் திறந்து வைத்தேன். மகன் வீட்டுக்குள்ளிருந்து வந்தான். பெட்டியைப் பார்த்தான்.

"என்னய்யா இது?"

"சீமைச் சுருட்டு. கோவில்பட்டியில வாங்கினேன். நல்ல சரக்கு." எடுத்துக்கோ என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. "ஒங்களுக்கெல்லாம் இதெல்லாம் தெரியாதா என்ன" என்றேன். கிண்டலாகச் சொன்னால் அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

அவன் முகம் செத்துப்போயிற்று. பழைய அடியைத்தான் குத்திக் காட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டான் போல. "இப்ப வாரேன்யா" என்று தலையைக் குனிந்தபடி போனவன், அன்று வர எட்டு மணி ஆயிற்று.

மறுநாள் நானே போவதென்று முடிவு செய்தேன். இரண்டு சுருட்டை மடியில் செருகிக்கொண்டு, அவன் போன கால் மணி நேரத்தில் ஓடைக்கரைக்கு நடந்தேன். சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தடுமாறித் தடுமாறி நடந்ததில் எனக்கு இருமல் வந்துவிட்டது. உடைமரத்தடியில் நின்றிருந்தவன் இருமலைக் கேட்டுத் திரும்பினான். கையிலிருந்த சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். காலில் செருப்பு இல்லை. வெறுங்காலால் மிதித்து, அப்படியே அதன்மேல் நின்றான்.

"என்னய்யா, ஒரு சத்தம் கொடுத்திருந்தா நானே வந்திருப்பேனே."

சுட்டிருக்கும். முகத்தில் காட்டவில்லை. நான் பார்த்தேன் என்பது அவனுக்கும் தெரியும். மடியில் கை வைத்தேன். இந்தாலே, காலை எடு, இதைப் பிடி, ரெண்டு பேருமா குடிப்போம். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது இதுதான்.

"இங்கன பருத்திமாரு அடுக்கிக் கெடக்கு. தீ கீ பட்டா என்னாவும்?" என்றது என் வாய்.

"சரிங்கய்யா."

அந்த வாயை என்ன செய்யலாம், சொல்லுங்கள். திரும்பி நடந்தேன். பின்னால் அவன் பத்தடி தள்ளியே வந்தான்.

பம்பாய்க்குப் போய் ஒரு மாதத்தில் கடிதம் போட்டான். "அன்று உங்கள் மனம் நோகும்படி நடந்துவிட்டேன். அந்தப் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன். அம்மா மேல் சத்தியம்" என்று எழுதியிருந்தான். படித்ததும் நான் சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவன் நெஞ்சுக்கு நல்லது என்று சந்தோஷப்படவில்லை. சிகரெட் போய்விட்டால் ஓடைக்கரைக்கு என்ன வேலை? இனி அந்த ஆறு மணி எனக்குத்தான். அந்தக் கணக்கில் கோவில்பட்டிக்குப் போய் இன்னொரு நாற்காலி வாங்கி வந்தேன். கை வைத்த பிரம்பு நாற்காலி. பதினோரு மாதம் அதில் யாரையும் உட்கார விடவில்லை. முப்பிடாதி ஒரு தடவை நெல் முறத்தை அதில் வைத்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த சித்திரையும் வந்தது. மகன் வந்தான். இளைத்திருந்தான், ஆனால் இருமல் இல்லை, சிகரெட்டில் கறுத்திருந்த உதடு வெளுத்திருந்தது. சொன்னபடி விட்டுத்தான் இருந்தான். சாயங்காலம் இரண்டு நாற்காலியையும் முற்றத்தில் போட்டேன். அவன் வந்து புது நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மழை எப்படிய்யா?"

"இல்ல."

"கொத்துமல்லி போட்டீங்களா?"

"போட்டேன். காஞ்சுபோச்சு."

மணி ஆறாயிற்று. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எழுந்து நின்றான். "இப்ப வாரேன்யா" என்று ஓடைக்கரைப் பக்கம் நடந்தான்.

சத்தியத்தை மீறிவிட்டானா என்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாளும் அப்படித்தான். அவன் போன பிறகு ஓடைப் பக்கம் போய் ஆட்டைப் பிடித்து வந்த முப்பிடாதியிடம் கேட்டேன்.

"ஏட்டி, அங்கன அவன் என்ன செய்யுதான்? சிகரெட்டு குடிக்கானா?"

"சிகரெட்டும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. உடைமரத்தடியில சும்மா உக்காந்து கல்லப் பொறுக்கி எறிஞ்சுக்கிட்டு இருக்கான். வீட்டுக்கு வால மருமவனேன்னு கூப்பிட்டேன். செத்த நேரம் கழிச்சு வாரேன் அத்தைங்கான்."

அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை, ஆட்டைக் கட்டப் போய்விட்டாள். நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். இத்தனை வருஷமாகச் சிகரெட்டின் மேல் பழியைப் போட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். அவன் குடிப்பதற்காகப் போகவில்லை. என்னோடு உட்கார முடியாமல்தான் போயிருக்கிறான். குடித்தது போன இடத்தில் பொழுது போக. அந்தத் துணையையும் நான் பிடுங்கிவிட்டேன்.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அழுகை வந்தது, அதையும் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் ஐந்தரை மணிக்கே துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். "ஏலே, பசுவந்தனையில ஒரு ஆளப் பாக்கணும். வர ரெண்டு மணி நேரம் ஆவும். நீ வீட்டுல இரு" என்றேன். அவன் தலையாட்டினான். எனக்கு அங்கே யாரையும் பார்க்க வேண்டியதில்லை. பஸ் நிற்கிற இடத்தில் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

வேலிப் படலுக்கு வரும்போதே அவன் குரல் கேட்டது. முற்றத்தில் உட்கார்ந்து முப்பிடாதிக்குப் பம்பாய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தான். ரயிலில் ஒருத்தன் இவன் மடியில் கோழிக்கூடையை வைத்துவிட்டு இறங்கிப்போய்விட்டானாம். அந்த ஆளின் இந்தியை அவன் பேசிக் காட்ட, முப்பிடாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவனும் சிரிக்கிறான். அவனுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

நான் படலைத் திறந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். திறக்கவில்லை. வேலியோரம் நின்று, கோழிக்கூடைக் கதை முடியும் வரை கேட்டேன். இருமல் வந்தபோது துண்டை வாயில் அமுக்கிக்கொண்டேன்.

அவன் ஊருக்குப் புறப்படும் வரை, மிச்சமிருந்த ஏழு நாளும், சாயங்காலம் எனக்குப் பசுவந்தனையில் வேலை இருந்தது.