கரோல் பாகுக்குப் போன கம்ப்யூட்டர்

பிரித்துக் கொடுத்தால்தான் காசு. ஏகாம்பரத்துக்குத் தில்லி கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். பழைய டிவியை முழுசாகக் கொண்டுபோனால் பழைய சாமான் வாங்கும் கபாடிக் கடைக்காரன் மூஞ்சியைச் சுளிப்பான். அதையே செம்பு தனி, பிளாஸ்டிக் தனி, போர்டு தனி என்று பிரித்துக் கொட்டினால் ஸ்டூல் போட்டு டீ வாங்கித் தருவான்.

அவர்கள் இருந்த குடிசைப் பகுதியை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஊரின் மறுகோடியில் மாற்று வீடு கொடுப்பதாகச் சொன்னார்கள். அதற்கான பட்டியலில் ஏகாம்பரத்தின் பெயர் இல்லை. மகள் ப்ரீதாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய பள்ளிக்குப் பக்கத்தில் மனைவி பவுனு ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். அட்வான்ஸுக்குத்தான் வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் மயூர் விஹாரில் பவுனு வேலை பார்க்கும் வீட்டு விசாலாக்ஷி அம்மாள், காலமான கணவரின் பழைய கம்ப்யூட்டரை, "எடுத்துண்டு போடி, எடத்தை அடைச்சுண்டு கெடக்கு" என்று தூக்கிக் கொடுத்தார். ப்ரீதா அதை நாலு பக்கமும் படம் பிடித்து, பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி விற்கும் மதுவுக்கு அனுப்பினாள். கரோல் பாகில் கடை வைத்திருக்கும் தமிழர் அவர். அரை மணியில் ஏகாம்பரத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"கீபோர்டும் பெட்டியும் ஒண்ணா இருக்கு பாருங்கோ, இது எண்பதுகள்ல வெளிநாட்டுலேர்ந்து வந்தது. நம்ம நாட்டுல இந்த மாதிரி நாலஞ்சு இருந்தாலே பெரிசு. உள்ள எல்லாம் அதோட பார்ட்தானான்னு ஒண்ணொண்ணா பாக்கணும். சரியா இருந்தா, உங்க அட்வான்ஸ் என்ன, ஒரு வருஷ வாடகையே வந்துடும்."

அன்று பவுனு சமைக்கும்போது பாடினாள். அவள் பாடிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் அவள் வேலைக்கும் ப்ரீதா பள்ளிக்கும் போனபின், ஏகாம்பரம் கம்ப்யூட்டரின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அந்தக் காலத்து மாலில் தங்கப் பூச்சு கனமாக இருக்கும், அதற்குத்தான் இந்த விலை என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்கிறார் பாவம்; அந்த மனுஷன் எதற்கு ஸ்க்ரூவோடு மல்லுக்கட்ட வேண்டும்?

மூடியை நொறுக்கிச் சாக்கில் போட்டார். ஒயர்களைச் சீவிச் செம்பைப் பளபளவென்று சுருட்டினார். போர்டை அடுப்பில் காட்டி, ஈயம் இளகியதும் சில்லுகளை ஒரு கால்கூட ஒடியாமல் இடுக்கியால் எடுத்தார். இவ்வளவு நேர்த்தியாக அவர் எதையும் பிரித்ததில்லை. மகளுக்காக என்று நினைத்தபோதே கை பதமாக வந்தது.

மதுவின் கடை மாடியில் இருந்தது.

"வாங்கோ, வாங்கோ. மெஷின் கீழ ஆட்டோல இருக்கா?"

"இங்கதாங்க இருக்கு." ஏகாம்பரம் சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மேஜைமேல் பரப்பினார்.

மது ஒரு சில்லை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு இன்னொன்று. எல்லாவற்றையும் பார்த்து முடித்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"எல்லாம் அதோடதுதான். இத்தனை வருஷம் யாருமே இதைத் தொட்டதில்லை. யாரு பிரிச்சா?"

"நான்தாங்க," என்றார் ஏகாம்பரம், பெருமையாகவே.

"பழசைச் சேர்த்து வைக்கறவங்கதான் இதை வாங்குவாங்க. இது ஓடணும்னுகூட இல்லை. முழுசா இருக்கணும். அதுக்குத்தான் விலை."

"மறுபடி சேத்துரலாங்களா? ஒரு சில்லுகூட ஒடையல, பாருங்க."

மது நொறுங்கிய மூடியில் ஒரு துண்டை எடுத்தார், பார்த்துவிட்டு வைத்தார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஏகாம்பரத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். மதுவோ ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். ஏகாம்பரம் அதை எடுக்கவில்லை. இத்தனை நாள் சோறு போட்ட தன் இரண்டு கைகளும் அவருக்கு அருவருப்பாக இருந்தன.

சாக்குகளோடு படியிறங்கும்போது போன் அடித்தது. பவுனு.

"அந்த ரூம்பு வூட்டுக்காரம்மா சாவியக் கையில வச்சிக்கினு நிக்குது. சரின்னு சொல்லிரட்டா?"

"வேணாம் பவுனு."

"ஏன், கம்மியா கேக்குறாரா?"

"வெலையே இல்லியாம். நா பிரிச்சிட்டேன்."

ஏகாம்பரம் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சுத்தமாத்தான பிரிச்ச? அப்பறம் என்னவாம் அந்தாளுக்கு?" என்றாள் பவுனு. "நீ ஒழுங்கா எடுத்துச் சொல்லியிருக்க மாட்ட. மறுபடி மேல போயி, எல்லாத்தயும் தொறந்து காட்டுய்யா. நா இவங்கள செத்த நிக்கச் சொல்றேன்."