ஆறு மணிக்கு மேல் சோறு

சவுரிமுத்துவின் கைக்குச் சோறு வடிக்க வந்ததுபோல் வேறெந்த வேலையும் வரவில்லை என்று அனகாபுத்தூர் சந்தில் கேலி பேசுவார்கள். பம்மலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பகல் காவல் அவருக்கு. வேலை முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு உலை வைத்துவிடுவார். மனைவி ஞானம்மாள் காமாலையில் போனதிலிருந்து அடுப்படி அவருடையதுதான். மகன் எழில் பல்லாவரத்தில் ஏசி மெக்கானிக்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி ஒருவர் வந்து உட்காராமல் இன்னொருவர் சோற்றில் கை வைப்பதில்லை. வழக்கத்தை ஆரம்பித்தவன் எழில். ஞானம்மாளைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த அன்று சவுரிமுத்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. சொந்தக்காரர்கள் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்தார்கள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எழில் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தான். "நீ துன்னாதான்பா நானும் துன்னுவேன்" என்றான். அப்பா அழுதுகொண்டே பிசைந்தார். சொன்ன பிள்ளை பின்னால் அதை மறந்தே போனான்.

இந்த வருஷம் எழிலுக்கு ஆணழகன் ஆசை பிடித்துக்கொண்டது. தாம்பரத்தில் போட்டி. ஆபேல் மாஸ்டரின் ஜிம்மில் இரும்பு தூக்கித் தூக்கி, தோளும் முதுகும் நன்றாகவே வந்திருந்தன. வயிறு மட்டும் அப்பாவின் கருவாட்டுக் குழம்புக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"சோத்த கொற, நிறுத்தாத" என்றார் ஆபேல். "ராத்திரி ஒரு கை துன்னுட்டுப் படு, தூக்கம் நல்லா வரும். எவ்ளோ துன்றன்றதுதான்டா கணக்கு. எத்தினி மணிக்குத் துன்றன்றது இல்ல."

எழில் கேட்டானா? அவனுடைய போனில் எவனோ ஒருவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆறு மணிக்கு மேல் சோறு விஷம் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நிற்பவன் சொன்னால் வெறும் பேச்சு, போனில் வருபவன் சொன்னால் வேதவாக்கு. நம் காலத்து லட்சணம் இது.

"போட்டி முடியிற வரிக்கும் ராத்திரில எனக்கு சோறு வேணாம்பா" என்றான் அன்றைக்கு. "நீ துன்னுக்கோ."

"ஒரு கைகூடவா?"

"ஒரு பருக்கைகூட வேணாம்."

சவுரிமுத்து போட்டு வைத்த சோற்றைத் திரும்பப் பானையில் கொட்டினார். "சரி கண்ணு. ஜெயிச்சுட்டு வந்து துன்னு."

அதற்கப்புறம் எழில் ஜிம்மிலிருந்து வந்தால் முட்டையின் வெள்ளைக்கரு, வெள்ளரிக்காய், அவ்வளவுதான். "நீ துன்னியாபா?" என்று கேட்பான். "அப்பவே ஆச்சு" என்பார் அவர். பசியைத் தூக்கத்தால் ஏமாற்றத் தெரிந்தவன் எழில். கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வான். காலையில் பானை நிறையச் சோறு தண்ணீர் ஊற்றிக் கிடக்கும்.

"யாருக்குபா இம்மாம் வடிக்கிற?"

"கை அளவு அப்படியே வந்துடுது கண்ணு."

அந்தச் சோறு பக்கத்து வீட்டு ஜான்சியின் ஆட்டுக்குப் போகும். எழிலுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

சவுரிமுத்துவுக்குச் சர்க்கரை. சாயங்காலம் தொப்புளுக்குப் பக்கத்தில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். ஊசி போட்டதும் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவர் டீயில் நாலு பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்று சமாளித்துக்கொண்டிருந்தார். ஆனால் பட்டினி கிடப்பவன் மூக்கு பொல்லாதது. ஒருநாள் எழில் அடுப்படி அலமாரியில் பொட்டலத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

"வூட்ல இதெல்லாம் வெச்சுகினு இருந்தா நான் எப்டிபா கட்டுப்பாடா இருக்கிறது? சுகர வெச்சுகினு உனக்கு இன்னா பிஸ்கட்டு வேண்டி கீது?"

பொட்டலத்தை எடுத்துப் போய் ஜான்சி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டான். அது ஊசிக்காக என்று சவுரிமுத்து சொல்லிக்கொள்ளவில்லை. மறுபடி பிஸ்கட் வாங்கவும் இல்லை. அந்த மனிதருக்கு வாய் எதற்கு இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

போட்டிக்கு முந்தின வாரம் ஒருநாள் விடியலில் ஓடப் போவதற்காக எழில் எழுந்தான். அப்பா பாயில் தொப்பலாக நனைந்து கிடந்தார். வேர்வை. மூச்சு இருந்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஜிம்மில் இரும்பு தூக்கிய கையால் அப்பாவைத் தூக்கினான். அவர் எடையே இல்லாமல் இருந்தார். இத்தனை நாள் அவன் கண்ணாடியில் தன் உடம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "ஊசி போட்டுட்டுச் சாப்பிடலையா?"

"துன்னாரு சார். தினம் எனக்கு முன்னாடியே துன்னுடுவாரு."

கூடவே ஆட்டோவில் வந்திருந்த ஜான்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொறுக்க முடியாமல் சொன்னாள். "இல்லடா எழிலு. ராத்திரில அவரு துன்னு எம்மாம் நாளாச்சு. சோறு பூரா என் ஆடுதான் துன்னுது. ஏண்ணான்னு கேட்டா, புள்ள பட்னியா படுத்துகினு கீறான், எனக்கு எப்டி எறங்கும்ன்றாரு. நீ துன்னாதான் நானும் துன்னுவேன்னு சொன்ன புள்ளமா அதுன்றாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

எழிலுக்கு அப்போதுதான் அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. அம்மா போன அன்று தான் சொன்ன வார்த்தை. ஆஸ்பத்திரி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். மார்பும் தோளும் அத்தனை அகலமாக இருந்து என்ன பயன்?

சவுரிமுத்து பிழைத்துக்கொண்டார். ஆனால் ராத்திரி முழுக்கச் சர்க்கரை இறங்கிக் கிடந்ததில் மூளை அடிவாங்கிவிட்டது என்றார்கள். மகனைத் தெரிகிறது, ஜான்சியைத் தெரிகிறது, ஜெபம்கூடப் பிசகாமல் சொல்கிறார். புதிதாக நடப்பது மட்டும் மனசில் தங்குவதில்லை. அவருக்குக் காலம் அந்தப் போட்டிக்கு முந்தின வாரத்திலேயே நின்றுவிட்டது. போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை எழில் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் எழிலே சோறு வடித்தான். குழைந்துபோனது. இரண்டு தட்டு வைத்தான். சவுரிமுத்து மகனின் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"போட்டி கீதே கண்ணு. உனக்கு சோறு வேணாம்."

"நீ துன்னுபா."

"எனக்கு அப்பவே ஆச்சு."

எழில் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "போட்டியே வேணாம்பா. நான் விட்டுட்டேன்."

அதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "என்னாலயா விட்ட?" என்று கேட்டுக் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். ஒரு வாய் இறங்கவில்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஸ்பூனால் புகட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் பார்க்க வந்த ஆபேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு போய்த் தன் பழைய மெடல் ஒன்றைக் கொண்டுவந்து எழிலிடம் கொடுத்தார்.

அன்று சோற்றைப் போட்டுவிட்டு எழில் மெடலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "போட்டி முடிஞ்சிச்சுபா. ஜெயிச்சுட்டேன்."

"ஜெயிச்சியா! எப்போ?"

"இன்னிக்கிக் காலைல."

சவுரிமுத்து மெடலைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாயிற்று. "அப்ப துன்னு கண்ணு" என்று முதல் கவளத்தை உருட்டி மகன் வாயில் வைத்தார். அப்புறம்தான் தான் சாப்பிட்டார்.

காலையில் எல்லாம் மறந்துபோயிருந்தது. அதிலிருந்து எழில் தினமும் ஜெயித்துக்கொண்டிருக்கிறான். ஏணியேறி இறங்கி அலுத்து வந்தாலும், மெடலை மாட்டி, சிரித்த முகமாக உட்கார்ந்தாக வேண்டும். வயிறு பழையபடி வந்துவிட்டது. அதை அப்பா கவனிப்பதில்லை.

நேற்று மெடலைத் தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார். "இத்தினி நாளு பட்னி கெடந்தியே கண்ணு, கஷ்டமா இல்ல?"

"இல்லபா."

"எனக்கு இருந்துச்சு" என்றார் சவுரிமுத்து.

சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை உருட்டி நீட்டினார். எழில் வாயைத் திறந்தான்.