கிடங்குத் தெருப் பின்கதவு

காந்தாவின் இடக்காலில் நான்கு விரல்கள் இருந்தன. சுண்டுவிரலைச் சென்ற ஆண்டு சர்க்கரை நோய் கொண்டுபோயிருந்தது. அது இருந்த இடத்துப் புண் இன்னும் ஆறவில்லை. நாள்தோறும் கழுவிக் கட்டுப் போடாவிட்டால் அடுத்து எடுக்க வேண்டியது விரலாக இருக்காது, பாதமாக இருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரி மருத்துவர் எச்சரித்து அனுப்பியிருந்தார். ஒருமுறை மருந்துக் கடையில் கட்டுப் போட்டுக்கொண்டதில் புண் சீழ்பிடித்ததால் காந்தா அந்தப் பக்கம் போவதில்லை. விடியலில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து பம்மலில் தெருவோரம் உட்கார்ந்து விற்பவள் அவள். கூடை காலியாவதற்குள் மதியம் கடந்துவிடும். கிடங்குத் தெருச் சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்ப்பது அதற்கு முன்பே முடிந்துவிடும்.

அந்த நிலையம் மாலையிலும் திறந்திருக்க வேண்டும், அப்போது மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற ஒற்றைக் கோரிக்கைக்காகவே நலவாழ்வு உரிமைக் குழு பொது விசாரணை ஒன்றை ஏற்பாடு செய்தது. குழுவின் செயலாளர் சுபத்ரா, சிட்லபாக்கம் ஏரிக்கு அருகே ஒரு மாடி வீட்டில் தனியாக வசிப்பவர். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். பிறர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிப் பழகிய கை. குழுவுக்கு அவர் வகுத்த விதியும் அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான்: சாட்சி தனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்ல வேண்டும், யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்த சாட்சியம் ஒரு கேள்வியில் உதிர்ந்துபோவதை அவர் போதுமான அளவுக்குப் பார்த்திருந்தார்.

சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒருவரின் மகனுக்கு அரசு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. இன்னொருவர், நாளைக்கு அதே ஊசிக்கு அங்கேதானே போய் நிற்க வேண்டும் என்றார். சுபத்ரா பட்டியலில் அவர் பெயரை அடித்தார். மிஞ்சியவள் காந்தா.

விசாரணைக்கு முந்தின வாரம் காந்தாவின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள சுபத்ரா பம்மலுக்குப் போனார். மாலையில் போய், நிலையத்தின் கேட் பூட்டியிருக்கத் திரும்பிவந்த முதல் நாளைப் பற்றியும் அதன் பின் விரல் போனதைப் பற்றியும் காந்தா தெளிவாகச் சொன்னாள். பிறகு, கேட்காமலேயே, பின்கதவைப் பற்றியும் சொன்னாள். நிலையத்தின் செவிலியர் சரிதா வேலை நேரம் முடிந்த பிறகும் பதிவேடுகளை எழுத உள்ளேயே இருப்பார். பின்கதவைத் தட்டினால் திறப்பார். புண்ணைக் கழுவிக் கட்டை மாற்றி அனுப்புவார்.

"அது கதவு இல்லக்கா, கோயிலு," என்றாள் காந்தா.

சுபத்ரா எழுதுவதை நிறுத்தினார். மாலையில் நிலையம் மூடிக்கிடக்கிறது என்பது குழுவின் வாதம். அது எல்லோருக்கும் மூடியிருந்தது. இந்த ஒரு காலுக்கு மட்டும் திறந்திருந்தது. அதைச் சபையில் சொன்னால், விதியை மீறியதாகச் சரிதா மாட்டிக்கொள்வார். சொல்ல வேண்டாம் என்பது சாட்சியைக் கலைப்பதாகும். காந்தாவையே நிறுத்திவிட்டால் விசாரணைக்குச் சாட்சியே இல்லை.

"முதல் நாள் நடந்ததை மட்டும் சொல்லுங்க காந்தா. அது போதும்."

காந்தா தலையாட்டினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, சுபத்ராவும் சொல்லவில்லை. சுருக்கிச் சொல்லுங்கள் என்பது வேறு, காரணத்தை விளக்குவது வேறு. விளக்கினால் சொல்லிக்கொடுத்ததாகிவிடும் என்பது அவருடைய கணக்கு.

விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரங்கள் வாசலில் வாடிக்கொண்டிருந்தன. குழுவின் தலைவர் ஜெபராஜ், தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர், மைக்கைப் பிடித்தால் எளிதில் விடமாட்டார். சுகாதாரத் துறையிலிருந்து வந்த அதிகாரியை அவர் நீண்ட நேரம் வரவேற்றுப் பொன்னாடை போர்த்தினார். எதிர்த்துக் கேட்கப்போகிறவருக்குப் பொன்னாடை எதற்கு என்று சுபத்ரா முன்பே ஆட்சேபித்திருந்தார். வெறுங்கையோடு வரவேற்பதா என்று ஜெபராஜ் கேட்டுவிட்டார். நிலையத்தின் ஊழியர்களும் வரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு இருந்ததால் சரிதா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

காந்தா நன்றாகவே பேசினாள். பூட்டிய கேட், திண்டாட்டம், காய்ச்சல், விரல். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. சுபத்ரா குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நெடுநாளைக்குப் பிறகு அவருக்கு வேலையில் நிறைவு தோன்றியது.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மென்மையான மனிதர்.

"இப்ப கால் எப்படிம்மா இருக்கு?"

அந்தக் கேள்வியை இதுவரை எந்த அதிகாரியும் காந்தாவிடம் கேட்டதில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேடைப் படியின்மேல் தூக்கி வைத்தாள். கட்டு வெள்ளைவெளேரென்று இருந்தது.

"ரொம்ப நல்லா கட்டியிருக்காங்களே. யாரு?"

சுபத்ரா நிமிர்வதற்குள் பதில் வந்துவிட்டது.

"அதோ குந்திகினு கீதே, சரிதாம்மாதான் சார். ட்யூட்டி முடிஞ்சும் வூட்டுக்குப் போவாம சாயங்காலம் எனுக்குக் கட்டு போடும். டாக்டரே வேணாம் சார், அதுக்கு அப்படி ஒரு கைராசி. நீங்க பெரிய ஆபீசரு. பாத்து எதுனா செய்ங்க."

பெரியவர் ஒருவர் எதிரில் அகப்படும்போது, நன்மை செய்தவரின் பெயரை அவர் காதில் போட்டுவைப்பதே காந்தா அறிந்த நன்றிக்கடன். மண்டபம் கைதட்டியது. அதிகாரி சரிதாவை மேடைக்கு அழைத்துத் தம் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். புகைப்படம் எடுத்தார்கள். ஜரிகைக்குள் சரிதா தலை குனிந்தபடி நின்றார். அவருக்கு வெட்கம் என்று ஜெபராஜ் மைக்கில் விளக்கினார். அதிகாரி தம் கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. குழுவுக்கு வந்தது இவ்வாறு கூறியது: கிடங்குத் தெரு நிலையத்தில் மாலை நேரச் சேவை வழங்கப்பட்டுவருவது தங்கள் சாட்சியின் வாயிலாகவே உறுதியாவதால், கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது. சரிதாவுக்குப் போனதோ, மருத்துவர் இல்லாத நேரத்தில் அனுமதியின்றிச் சிகிச்சை அளித்தது ஏன் என விளக்கம் கேட்டது. வேலை நேரம் முடிந்ததும் கட்டடத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கவும் பணித்தது. இரண்டிலும் கையெழுத்து ஒன்றே.

சுபத்ரா மறுப்பு எழுத உட்கார்ந்தார். மாலைச் சேவை என்று எதுவும் இல்லை, அது ஒரு செவிலியர் விதியை மீறித் தாமாகச் செய்த உதவி என்று எழுதினால், சரிதாவின் குற்றத்துக்கு அவரே சாட்சி. சேவை இருந்தது என்று ஒப்புக்கொண்டால் கோரிக்கை செத்தது. எழுதாமல் விட்டாலும் செத்தது. மூன்று வரைவுகளையும் ஒழுங்காக எழுதிப் பார்த்து மூன்றையும் கிழித்தார். மறியல் செய்யலாம் என்று ஜெபராஜ் தொலைபேசியில் சொன்னார். சுபத்ரா சரிதாவை அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"எனக்காக தயவுசெஞ்சு எதுவும் செஞ்சிடாதீங்க மேடம். ஒரு பொன்னாடையே போதும்," என்று சொல்லி அவர் இணைப்பைத் துண்டித்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை மாலை காந்தா ஷேர் ஆட்டோ பிடித்துச் சிட்லபாக்கத்துக்கு வந்தாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிப் பற்றி ஏறினாள். ஜெபராஜும் அங்கே இருந்தார். பின்கதவில் புதுப் பூட்டு தொங்குவதைக் காந்தா சொன்னாள். பேருந்து நிறுத்தத்தில் சரிதா தன்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் இறங்கியது.

"நான் நல்லதுதானேக்கா சொன்னேன்?"

சுபத்ரா தாம் சொல்லாமல் விட்ட காரணத்தை இப்போது சொன்னார். காந்தா கடைசிவரை கேட்டாள்.

"இத்த அன்னிக்கே சொல்லிர்ந்தா என் வாயத் தச்சிகினு இருந்திருப்பேனே."

கொஞ்ச நாளைக்கு வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் காலையிலேயே போய்க் காட்டினால் என்ன என்று ஜெபராஜ் இடையில் புகுந்தார்.

"கூடைய நீ தூக்குறியா சார்? மீன் கவுச்சி ஒத்துக்குமா உனுக்கு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தார்.

சுபத்ரா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காந்தாவின் காலை அதன்மேல் வைக்கச் சொன்னார். சரிதா கடைசியாகக் கட்டிய கட்டு பழுப்பேறியிருந்தது. ஓரத்தில் மீன் தண்ணீர் ஊறியிருந்தது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். பஞ்சு, மருந்து, துணி எல்லாம் இருந்தன. கட்டின் முனையைப் பிடித்தார். உள்ளே அது புண்ணோடு ஒட்டியிருப்பது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"வுடுக்கா. நீ எழுது," என்றாள் காந்தா. "இன்னொரு தபா விசாரணை வைங்க. இப்ப நெசமாவே மூடிதான் கீது. யாரு பேரையும் எடுக்க வேணாம்."

சுபத்ரா மேசைக்குப் போனார். புதிய விசாரணைக்குத் தேதி கேட்டுச் சுகாதாரத் துறைக்கு மனு எழுதினார். அதனுடன் சாட்சியின் வாக்குமூலம்: மாலையில் சென்றேன், முன்கதவும் பின்கதவும் பூட்டியிருந்தன, எனக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. படித்துப் பார்த்தார். திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. சென்ற முறை தேதி கிடைக்க ஏறத்தாழ ஒரு வருடம் ஆனதை அவரும் மறக்கவில்லை, ஜெபராஜும் மறக்கவில்லை. இருவரும் அதைக் காந்தாவிடம் சொல்லவில்லை.

நாற்காலியின்மேல் கால் அப்படியே இருந்தது. காந்தா கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டாள்.