விளம்பரம் வராத வீடு

மேசை விசிறிக்கு இடம் தேடிய மாமா, சுவரில் ஏற்கெனவே சொருகியிருந்த பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விசிறியை ஓடவிட்டார். அம்மாவின் காலடியில் போர்வையின் நுனி அசைந்தது.

"இப்பதான் மூச்சு விட முடியுது," என்றார். சொன்ன பிறகு அம்மாவைப் பார்த்தார். எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சிறிது நேரத்தில் பெரியம்மா மகன் போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தான்.

"நெட்டு போச்சுடா. சித்தி மொகத்தைக் கடைசியா பாக்கணும்னு எங்கம்மா வீடியோ கால்ல இருந்தா. வாயத் தொறந்தபடி அப்படியே நின்னுட்டா."

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய மகன் எழுந்துபோய் விசிறிக்குப் பின்னால் மண்டியிட்டான். சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி தரையில் கிடந்தது. விளக்கு அணைந்திருந்தது. உள்ளறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து, விசிறியையும் பெட்டியையும் அதில் சொருகினான். பச்சை விளக்கு எரியும்வரை காத்திருந்தான்.

"வந்துருச்சு," என்றான் பெரியம்மா மகன்.

அவன் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டு இணையத்தை நேராகவே இணைத்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அந்த வீட்டில் இனித் தடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

சில மாதங்களுக்கு முன், அம்மா பிழைக்கமாட்டாள் என்று மருத்துவர் முதலில் அவனைத்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் ஆஸ்பத்திரி நடையில் வைத்து அக்காவிடம் சொன்னான். அக்கா நகரப் பேருந்து ஓட்டுபவள். சீருடையிலேயே வந்திருந்தாள். அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றாள். வேண்டாம் என்றான். தெரிந்தால் ஒரு வாரம் தாங்கமாட்டாள், தெரியாமல் இருந்தால் இருக்கிறவரை சிரித்துக்கொண்டிருப்பாள் என்றான். அம்மா இருப்பது அவனோடு என்பதால் அவன் சொன்னது நின்றது. வயிற்றில் புண், மாத்திரையில் ஆறிவிடும் என்று அம்மாவிடம் சொன்னார்கள்.

"புண்ணுன்னா காரம் ஆகாது," என்றாள் அம்மா. அதற்குமேல் கேட்கவில்லை.

அம்மா ஒரு மில்லின் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதலாளிக்கும் மேனேஜருக்கும் லைன் போட்டுக் கொடுத்தவள். அங்கே யாருக்கு வேலை போகப்போகிறது, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் காதில் விழும். அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். நாள் முழுக்கக் கண்ணாடித் துண்டுகளை பிரேமுக்குப் பொருத்தமாக இழைப்பான். வேலை முடிந்து வந்து போனில் தேடுவான். அந்த நோய்க்கு என்ன சாப்பாடு. முடி கொட்டுமா. கொட்டினால் என்ன செய்வது.

ஒரு நாள் அம்மா கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வா. எனக்கு முடி விக்கிறான் பாரு. என் முடிக்கு என்னடா கொறச்சல்?"

அவள் போனில் ஒரு பெண் டோப்பாவைக் கழற்றி மாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். விளம்பரம். அவன் போனை வாங்கி அதை மூடினான். அம்மாவுக்கு அந்தப் போனை வாங்கிக் கொடுத்தபோது தன்னுடைய கணக்கிலேயே திறந்து கொடுத்திருந்தான். அவன் தேடுவதெல்லாம் அவள் போனுக்கு விளம்பரமாக வரும் என்று அதுவரை யோசித்ததில்லை.

பழைய கேமராக்களைப் பற்றிப் பேச ஒரு வலைத்தளத்தில் சேர்ந்திருந்தான். அதை நடத்த கம்பெனி கிடையாது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பகுதியை வைத்து, ஒன்றோடொன்று இணைத்து ஓட்டினார்கள். விளம்பரம் இல்லை. எழுதுவதை யாரும் விற்பதில்லை. அங்கே மட்டும் உண்மையை எழுதினான். துருப்பிடித்த ஆணி என்ற பெயரில் இருந்த ஒருவர் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். வீட்டு இணையம் அதன் வழியாகவே போகும்படி இணைத்துவிட்டால் வைஃபையில் எந்தப் போனுக்கும் விளம்பரம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆணி சொல்லச் சொல்ல அவன் செய்தான்.

கடைசியில் ஆணி எழுதியிருந்தார்: "இது மட்டும் போதாது. அம்மா போன்லேர்ந்து உங்க கணக்கை எடுத்துடுங்க. வீட்டை விட்டு வெளிய போனா எல்லாம் வரும்."

கணக்கை எடுத்தால் அம்மாவின் தோட்டம் போய்விடும். போனில் அவள் விளையாடும் ஒரு விளையாட்டு அது. கத்தரி, வெண்டை, நாலு கோழி. அதில் அவள் மூன்றாவது வருடமாகப் பயிர் செய்துவந்தாள். அதனால் எடுக்கவில்லை. அவள் போனுக்குத் தனியாக டேட்டா போட்டதும் இல்லை. வெளியே எங்கே போகப்போகிறாள் என்று நினைத்தான்.

மறுநாளே அம்மா புகார் சொன்னாள்.

"தண்ணி வரமாட்டேங்குதுடா."

அவன் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தான்.

"அது இல்ல. தோட்டத்துக்கு. விளம்பரம் பாத்தாதான் ஒரு கொடம் தண்ணி குடுப்பான். இப்ப விளம்பரமே வரல. கத்தரி வாடுது."

"கம்பெனிக்காரன் நிறுத்திட்டான் போலம்மா."

"அவன் எதுக்கு நிறுத்தறான்?" என்றாள். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. மழை வரட்டும்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

விசிறியின் பக்கத்திலிருந்து எழுந்து அவன் சமையலறைக்குப் போனான். அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் துண்டை எடுத்துத் துடைத்து அடுக்கினான்.

"வண்டி எப்ப வருதாம்?" என்றாள் அக்கா.

"நாலு மணிக்கு."

"கட்டில எடுக்க?"

"நாளைக்கு."

வாடகைக்கு எடுத்த கட்டில். சக்கரம் வைத்தது. தலைப்பக்கம் தூக்கலாம். முதுகுவலிக்கு நல்லது என்று சொல்லிக் கொண்டுவந்தான். அம்மா அதில் உட்கார்ந்து பார்த்து, "நல்ல கட்டில்தான். சக்கரம் வேற இருக்கு. கோவம் வந்தா உங்கக்கா வீட்டுக்கு உருட்டிக்கிட்டே போயிடலாம்," என்றாள்.

"அந்தப் பெட்டி இன்னும் ஓடுதா?" என்றாள் அக்கா.

"ம்."

"எதுக்கு?"

அவன் துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தான்.

"எவன்னே தெரியாத ஆணிக்குத் தெரியும். உன் கடை முதலாளிக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவங்க ஒடம்புடா."

"நிம்மதியா இருந்தாங்கல்ல."

"இருந்தாங்களா?"

"நீயும்தான பாத்த. சிரிச்சிட்டே இருந்தாங்க."

"அதத்தான் சொல்றேன். எனக்கு என்னாச்சுன்னு ஒரு தடவகூடக் கேக்கலையே. அது உனக்கு ஒரு மாதிரியா படல?"

அம்மா எதுவும் தெரியாமல்தான் போனாள். அவன் கையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அக்கா குழாயை மூடினாள். பிறகு அவன் தோளில் ஈரக்கையை வைத்து எடுத்தாள்.

"சாப்டியா?"

"ம்."

அவன் சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.

நாலு மணிக்கு முன்பே வண்டி வந்துவிட்டது. லிஃப்ட் இல்லாத கட்டடம், நாலாம் மாடி. மாமாவும் பெரியம்மா மகனும் முன்பக்கம், அவனும் வண்டிக்காரரும் பின்பக்கமாக அம்மாவைத் தூக்கி இறங்கினார்கள். அரை மாடி இறங்கியதும் படி திரும்பும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வழியை மறித்தது.

"யாருங்க இத இங்க போட்டது?" என்றார் வண்டிக்காரர்.

கீழேயிருந்து ஒருத்தி ஓடி வந்து நாற்காலியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். மூன்றாம் மாடியில் தையல் மெஷின் வைத்திருப்பவள். அம்மா அந்தக் கட்டடத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். இரண்டாம் மாடி, ஒன்றாம் மாடி என்றுதான் சொல்வாள். இவள் மூணாம் மாடி. அவர்கள் தாண்டிப் போனதும் அவள் நாற்காலியை அதே இடத்தில் திரும்பப் போட்டது அவன் கண்ணில் பட்டது.

அம்மாவின் நாற்காலி அது. சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வரும்போது அம்மா அதில் போனோடு உட்கார்ந்திருப்பாள். காற்றாட உட்கார்ந்திருப்பதாகச் சொல்வாள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. மற்றவர்கள் முன்னால் ஏறிப் போனார்கள். மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்தது. அவள் வாசலில் நின்றாள்.

"தம்பி, ஒரு நிமிஷம். அந்த நாற்காலிய மேல கொண்டு போயிடறீங்களா? என்னால பாத்துட்டு ஏறி இறங்க முடியல."

"சரிங்க."

"தெனம் அங்கதான் தண்ணி புடிப்பாங்க."

அவன் நின்றான்.

"என்ன தண்ணி?"

"தோட்டத்துக்கு. உங்க வீட்ல விளம்பரம் வராதாமே. அந்தத் திருப்பத்துல எங்க வைஃபை எடுக்கும். நான்தான் பாஸ்வேர்ட் போட்டுக் குடுத்தேன். நானும் அதே விளையாட்டுதான், பக்கத்துத் தோட்டம். கடைசில நடக்க முடியாதப்போ போனை என்கிட்ட குடுத்து அனுப்புவாங்க. நான் அங்க உக்காந்து விளம்பரத்தப் பாத்து ரெண்டு கொடம் புடிச்சிட்டு மேல வந்து குடுப்பேன்."

அவளிடம் அம்மா போனைக் கொடுப்பதை அவன் பார்த்திருக்கிறான். சார்ஜ் போடக் கொடுப்பதாக நினைத்திருந்தான்.

"என்ன விளம்பரம் வரும்?"

அவள் கதவின் தாழ்ப்பாளை இப்படியும் அப்படியும் தள்ளினாள்.

"எல்லாம் வரும் தம்பி."

"சொல்லுங்க."

"கட்டில் வாடகைக்கு வரும். பெரியவங்களுக்குப் போடற டயப்பர் வரும். அப்புறம் வலிக்கு ஊசி போடற ஆஸ்பத்திரி, அங்க போயிட்டுத் திரும்பி வர்றதில்லைல, அது. எனக்குப் பாக்கவே ஒரு மாதிரியா இருக்கும். அவங்க சிரிப்பாங்க. நீங்க தேடறதுதான் அதுல வருதுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. 'எம்பையன் நேத்து கட்டில் பாத்திருக்கான், வாங்கிட்டு வருவான் பாரு'ம்பாங்க. நீங்க வாங்கிட்டு வந்தீங்க."

மேலே யாரோ நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு நாள் வரிசையா நெறைய வந்துச்சு. 'எம்பையன் ராத்திரி பூரா தூங்கல போல இருக்கு'ன்னாங்க. அன்னைக்குச் சிரிக்கல."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"நான் கேட்டேனே. 'அவன் மறைக்கறதுக்கு எவ்ளோ கஷ்டப்படறான், அதப் போயி கெடுப்பாங்களா'ன்னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. இப்பச் சொல்லிட்டேன்."

"பரவால்ல."

"போன வாரம் நாலு கோழியையும் என் தோட்டத்துக்கு அனுப்பிட்டாங்க. ஏன்னு கேட்டேன். பாத்துக்க ஆள் வேணும்ல, எம்பையனுக்குக் கோழி வளக்கத் தெரியாதுன்னாங்க." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாலும் நல்லா இருக்கு தம்பி."

"சரிங்க," என்றான்.

வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவினான். அம்மாவின் போன் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டான். அக்கா கட்டிலின் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. நீ சொன்னது சரி என்று சொன்னால் போதும். அவள் விரிப்பின் ஒரு முனையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். இருவரும் நாலாக மடித்தார்கள்.

"எங்க போற?"

"படியில ஒரு நாற்காலி கெடக்கு. எடுத்துட்டு வர்றேன்."

அரை மாடி இறங்கினான். நாற்காலியை எடுக்கவில்லை. உட்கார்ந்தான். இடது பக்கம் கைப்பிடிக் கம்பியில் ஓர் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அவனுடைய போன் ஒலித்தது. ஆணி. "அம்மா இன்னைக்கு எப்படி இருக்காங்க?" அதைப் பையில் போட்டுக்கொண்டான்.

அம்மாவின் போனைத் திறந்தான். மூன்றாம் மாடி வைஃபையைத் தானாகவே பிடித்துக்கொண்டது.

தோட்டத்தில் ஒன்றும் இல்லை. கத்தரி, வெண்டை எல்லாம் அறுவடையாகி மண் காலியாகக் கிடந்தது. கோழிக்கூண்டு திறந்திருந்தது. வேலி ஓரத்தில் ஒரே ஒரு பாத்தியில் மட்டும் ஏதோ விதைத்திருந்தாள். முளைக்கவில்லை. என்ன செடி என்று தெரியவில்லை. பாத்தி வெளுத்து வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு காலிக் குடம். அதைத் தொட்டான்.

விளம்பரம் வந்தது. வெள்ளை வண்டி ஒன்று மரங்கள் நிறைந்த சாலையில் மெதுவாகப் போனது. எந்த நேரமும் அழைக்கலாம் என்றது ஒரு பெண்குரல். நேற்று அவன் தேடியது. அம்மாவை ஏற்றிப் போனது இந்த வண்டிதான். வண்டிக்காரர் மட்டும் வேறு ஆள். சிரித்துக்கொண்டிருந்தார்.

திரையின் மூலையில் தவிர்க்க என்ற பொத்தான் தோன்றியது. தவிர்த்தால் தண்ணீர் கிடையாது. அவன் விரலை எடுத்துக்கொண்டான். வண்டி போய்க்கொண்டிருந்தது. கடைசிவரை பார்த்தான்.

குடம் நிறைந்தது. பாத்தியில் கவிழ்த்தான். மண் ஓரத்தில் கொஞ்சம் கறுத்தது. நடுவில் இன்னும் வெளுப்பாகவே இருந்தது.

"என்னடா பண்ற அங்க?" என்றாள் அக்கா மேலிருந்து.

"வர்றேன்," என்றான். காலிக் குடத்தை மறுபடி தொட்டான்.